நானூற்றுப் பதினேழாவது சீட்டு

மாம்பலத்தில் பெண்கள் பெட்டியில் ஏறியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. நல்ல சகுனம் என்று நினைத்தாள் வடிவாம்பாள். நினைத்த மறு நொடியே, சீ, கழுதை வயசாகிறது, அறிவியல் கலைச்சொல் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறாய், உனக்கு ஜன்னல் சீட்டு சகுனமாக்கும் என்று தன்னையே வைதுகொண்டாள். வைதாலும் இடத்தை விடவில்லை. கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் பழுப்பு உறையை வைத்து, உறையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். உறைக்குள் அவளுடைய நெஞ்சு இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரே. வலது பக்கம் மேலே, காறை எலும்புக்குக் கீழே, ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளையாக ஒன்று. சளியில் ஒன்றும் அகப்படாததால் பத்து நாள் முன்பு மூச்சுக்குழாய் வழியாக ஒரு குழாயை விட்டு அந்த வெள்ளையிலிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்தார்கள். இன்றைக்குப் பத்து மணிக்கு மேல் முடிவு. ‘ரெண்டுல ஒண்ணும்மா. ஒண்ணு டி.பி. இன்னொண்ணு…’ என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா அன்றைக்கு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது நாகரிகம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாதியில் நிறுத்திய வாக்கியத்தைக் கேட்டவர்கள்தானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. அந்த இன்னொன்றைப் பத்து நாளாகப் பெயர் சொல்லாமல் சோறு போட்டு வளர்த்து வருகிறாள் வடிவாம்பாள். ஊரில் உள்ள அத்தனைக்கும் பெயர் வைப்பது அவளுக்கு வேலை, சம்பளமே அதற்குத்தான். இந்த ஒன்றுக்கு மட்டும் வாய் வரமாட்டேன் என்கிறது. வண்டி கிளம்பியது. எதிரே ஒரு பூக்காரி கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு தூங்கத் தொடங்கினாள். ரயில் நகர்ந்த உடனே தூங்க முடிகிறவர்கள்மேல் வடிவாம்பாளுக்கு எப்போதுமே கொஞ்சம் பொறாமை உண்டு.

இறங்கவேண்டிய ஸ்டேஷன் சானடோரியம். மாம்பலத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாவது. எண்ணாதே என்று சொல்லிக்கொண்டே எண்ணினாள். இந்த மாதிரிச் சமயங்களில் புத்தியை எதிலாவது கட்டிப்போட வேண்டும். மற்றவர்கள் கந்த சஷ்டி சொல்வார்கள், இவளுக்கு லத்தீன் வால்கள். வால் என்பது அவர்கள் ஆபீஸ் பாஷை. பட்டியலில் ‘பின்னொட்டு’ என்றுதான் போடுவார்கள், டீ குடிக்கும்போது வால். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர் இரண்டு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து தபாலில் அனுப்பியிருந்தார். முதல் பக்கம் இடப்பெயர் வால்கள், இரண்டாம் பக்கம் கருவிப்பெயர் வால்கள். ஒன்று ‘ஏரியம்’. ஒரு பொருள் நிறைந்திருக்கிற இடம். தண்ணீர் இருந்தால் அக்வேரியம், செடி இருந்தால் ஹெர்பேரியம். இன்னொன்று ‘டோரியம்’. ஒரு காரியம் நடக்கிற இடம். கேட்கிற இடம் ஆடிட்டோரியம், தூங்கும் இடம் டார்மிட்டோரியம், எரிக்கும் இடம், வேண்டாம், அது வேண்டாம், குணமாக்கும் இடம் சானடோரியம். பார்த்தாயா, பெயரே குணமாக்கும் இடம் என்றுதான் சொல்கிறது. சொன்னால் போதுமா? ஆடிட்டோரியத்தில் உட்கார்ந்திருப்பவன் எல்லாம் கேட்கிறானா என்ன? வண்டி சைதாப்பேட்டை தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறித் தடதடத்தது. இரண்டாம் பக்கம், கருவி. ‘ட்ரம்’ என்று முடியும் ஒரு கூட்டம். உழுகிற கருவி அராட்ரம், கலப்பை. ‘குலும்’ ஒன்று, ‘புலும்’ ஒன்று. சுமந்து போகும் கருவி வெஹிக்குலும், புகைபோடும் கருவி தூரிபுலும். இதுவரை எல்லாம் ஒழுங்காக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறமாதிரி நின்றது. அங்கேதான் அந்தப் பாதிரியார் பேனாவால் கீழே ஒரு வரி எழுதியிருந்தார். குலும், புலும் இரண்டும் கருவிக்கு மட்டுமல்ல, சில சமயம் இடத்துக்கும் வரும், ஜாக்கிரதை. படுக்கும் இடம் குபிக்குலும். மாடு நிற்கிற இடம் ஸ்டாபுலும். மூச்சு விடுவதற்கு ஸ்பிராக்குலும், மூச்சுத் துளை. அது இடமா, கருவியா? பாதிரியார் ஒரு கேள்விக்குறி போட்டு விட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குறியில்தான் இரண்டு வாரமாக அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். நுரையீரல் இடமா, கருவியா? கருவி என்றால் பழுது பார்க்கலாம், இடம் என்றால் யாரோ குடியேறிவிட்டார்கள் என்று அர்த்தம். குடியேறியவன் யார் என்று கேட்கத்தான் இந்த ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். தமிழில் இந்தத் தொந்தரவு இல்லை என்று முதலில் நினைத்தாள், அப்புறம் வீட்டு அடுக்களையே அவளைப் பார்த்துச் சிரித்தது. துருவி, கருவி. சல்லடை, கருவி. சரி. அரிவாள்மனை? மனை என்றால் வீடு, அதன்மேல் உட்கார்ந்து காய் நறுக்கினால் கருவி. இது போதாதென்று, இடப்பெயருக்கு எந்த வால் போடுவது என்று குழுவில் கட்சி வேறு. தலைவர் அறவாழி ‘அகம்’ கட்சி, எதைக் கொடுத்தாலும் அகம் என்று முடித்துவிடுவார். தாவரவியல்காரர் ரங்கமணி ‘கூடம்’. அரசாங்கத்துப் பிரதிநிதிக்கு ‘நிலையம்’, ஏனென்றால் ஏற்கனவே போர்டு எழுதியாகிவிட்டது. வடிவாம்பாள் தனியாளாக ‘சாலை’க்கு நின்று பதினெட்டு தடவை தோற்றிருக்கிறாள். கிண்டியில் பெருங்கூட்டம் ஏறி, ஒரு அம்மாள் அவள் தோளில் டிபன் பையை இடித்துக்கொண்டு நின்றாள். டிபன் பையிலிருந்து புளியோதரை வாசம் வந்தது. இரண்டு மாதமாகச் செத்துக்கிடந்த பசி ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

இதில் ஒரு கூத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடாகிறது. அவர்கள் வேலை இப்படி. ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு. மேலே சொல், நடுவில் அந்தச் சொல் வருகிற ஒரு வாக்கியம், கீழே எந்த நூலிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு. சீட்டுகள் ஆங்கில எழுத்துவரிசைப்படி தகரப் பெட்டியில் நிற்கும். கூட்டத்துக்கு முந்தின நாள் தட்டச்சர் ஹெப்சிபா அவற்றை எடுத்து எண் போட்டுப் பட்டியல் அடிப்பாள். ஹெப்சிபா தங்கமான பெண். ஒரே குறை, கையில் கிடைத்த காகிதத்தை யோசிக்காமல் அடித்துவிடுவாள், காற்புள்ளி உள்பட. மாம்பலத்து டாக்டர் முதன்முதலில் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டும் அதே உள்ளங்கை அகலம். வடிவாம்பாள் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், கைப்பையில் வைத்தால் வீட்டில் கணவர் பார்த்துவிடுவாரே என்று, சீட்டுப் பெட்டியிலேயே செருகி வைத்தாள். அதையும் சும்மா செருகினாளா? இருபத்திரண்டு வருஷப் பழக்கம், சானடோரியம் என்று இருந்ததால் அதற்குரிய எழுத்தில், சாலினிட்டிக்கும் சாண்ட்ஸ்டோனுக்கும் நடுவில், அச்சாக வரிசைப்படி செருகினாள். ஒளித்து வைக்கிறவள் யாராவது கண்டுபிடிக்க வசதியாக ஒளித்து வைப்பாளா! அடுத்த கூட்டத்தில் அறவாழி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலில் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். “நானூற்றுப் பதினேழு. சானடோரியம். மேற்கோள் வாக்கியம்: மூன்று வார இருமல், எடை எட்டு கிலோ குறைவு, சானடோரியம், செவ்வாய் காலை.” நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். “அடடா. ஒரு வினைச்சொல்கூட இல்லை, ஆனா ஒரு ஆளோட கதையே இருக்கு. எந்த நூல்லேர்ந்து எடுத்தீங்க, வடிவாம்பாள்?” ரங்கமணி தன் பங்குக்கு, “நோயாளி ஆணா பெண்ணான்னு வாக்கியத்துல தெரியலியே” என்றார். “மூலநூல் பேர் போடலை சார். அடியில ஒரு கையெழுத்து மட்டும் இருந்துச்சு, அது எனக்குப் புரியலை” என்றாள் ஹெப்சிபா, தன்மேல் குற்றம் வந்துவிடுமோ என்ற பதற்றத்தில். வடிவாம்பாள் ஏதாவது ஒரு நூலின் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. லேசில் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கண்ணில் தண்ணீர் வரும்வரை, ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம். அது அடங்கியபோது நான்கு பேரும் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவளுடைய ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்தார்கள். ஹெப்சிபா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அறவாழி கோப்பை மூடினார். இருபது வருஷமாக அவளோடு சண்டைபோடுவதை ஒரு நாளும் தவறவிடாத மனுஷர். “இந்தச் சொல்லை இப்ப எடுக்க வேண்டாம். ஒத்தி வைக்கிறோம்” என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், “செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் புதனுக்கு மாத்திடுங்க. செவ்வாய் எனக்கு வேலை இருக்கு” என்றார். அவருக்கு ஒரு வேலையும் கிடையாது, அந்தக் கூட்டங்களை விட்டால் அவருக்கு வேறு உலகமே கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று நடவடிக்கைக் குறிப்பில் 417 என்ற எண்ணுக்கு நேரே ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று ஏறியது. வெட்கத்தில் செத்துப்போகலாம் என்றிருந்தாலும், உண்மையைச் சொன்னால், அன்று ராத்திரிதான் அவள் கொஞ்சம் தூங்கினாள்.

ஆக, நாலு பேருக்குத் தெரியும். தெரியவேண்டிய ஒருவருக்குத் தெரியாது. பரங்கிமலை வந்தது, பழவந்தாங்கல் வந்தது, வடிவாம்பாள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நெல்லையப்பனிடம் எப்படிச் சொல்வது? மின்வாரிய ஆபீஸில் கணவருக்குப் பக்கத்து மேஜையில்தான் டெலிபோன், நம்பர் அவளுக்கு மனப்பாடம், வீட்டிலோ தினமும் ஒரே பாயில் படுத்து எழுகிறார்கள். சொல்ல வசதி இல்லாமல் இல்லை. ஆனால் போன ஐப்பசியில்தான் அவருடைய அண்ணாச்சி போனார். அதே இடம், அதே வெள்ளை. ஐந்தே மாதம். கடைசி இரண்டு மாதம் நெல்லையப்பன் லீவு போட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய் அண்ணன் பக்கத்திலேயே தரையில் படுத்துக் கிடந்தார். திரும்பி வந்தபோது மனுஷர் பத்து வயது கூடி வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அந்த நோய்க்குப் பெயர் கிடையாது, ‘அது’ என்றால் அதுதான். டி.வி.யில் யாராவது டாக்டர் வந்து அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார். தண்ணீர் குடித்துவிட்டு வந்தும் பேச்சு முடியவில்லை என்றால் இன்னொரு டம்ளர் குடிப்பார். அந்த மனுஷர் காதில் போய், அது எனக்கும் வந்திருக்கும்போல என்று எந்த வாயால் சொல்வது? தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். ஆபீஸில் தூசி என்றாள். எடை குறைந்ததற்கு, ராத்திரி சோற்றை விட்டுவிட்டேன், சர்க்கரை வராமலிருக்க என்றாள். எல்லாவற்றையும் அவர் அப்படியே வாங்கிக்கொண்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காததில் முதலில் நிம்மதி, அப்புறம் கோபம். கட்டின பெண்டாட்டி எட்டு கிலோ இளைத்துக் கிடக்கிறாள், இந்த மனுஷருக்குக் கண்ணா, முகத்தில் இரண்டு பொத்தானா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? மாட்டாள். அப்படியிருக்க இந்தக் கோபம் எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கே தெரியவில்லை. நேற்று இரவு இவள் இருமி முடித்துப் படுத்தபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். குறட்டை வரவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் படுத்த மூன்றாம் நிமிஷம் குறட்டை விடுகிறவர். வரவில்லையே என்று அப்போது தோன்றியது, ஆனால் தோன்றியது அங்கேயே நின்றுவிட்டது, மேலே போகவில்லை. மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தலைக்கு மேலே தாழப் பறந்து இறங்கியது. பூக்காரி அதற்கும் விழிக்கவில்லை.

பல்லாவரம். இன்னும் இரண்டு. உள்ளங்கை வியர்த்து பழுப்பு உறை நமுத்தது. லத்தீனில் அதற்கு என்ன பெயர்? தெரியாமலா, தெரியும். நண்டு. வெறும் நண்டு. ஏரியம் இல்லை, டோரியம் இல்லை, ட்ரமும் இல்லை குலுமும் இல்லை. அது எதையும் வைத்திருக்கும் இடமல்ல, எதையும் செய்யும் கருவியும் அல்ல. பட்டியலின் இரண்டு பக்கத்திலும் அதற்கு இடம் கிடையாது. பயமே அதுதானோ என்னவோ. வாலைப் பிடித்தால் எந்தச் சொல்லையும் பிடித்து நிறுத்திவிடலாம் என்பது அவளுடைய தொழில் நம்பிக்கை. இதைப் பிடிக்க வால் இல்லை. திருச்செந்தூர்க் கடற்கரையில், கல்யாணமான புதிதில், மணலில் பக்கவாட்டில் ஓடிய ஒரு குட்டி நண்டை நெல்லையப்பன் துரத்தினார், ‘பிடிச்சுக் காட்டுதேன் பாரு’ என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அது மணலுக்குள் போய்விட்டது. துளை மட்டும் இருந்தது. அவர் முட்டி போட்டு அந்தத் துளைக்குள் விரலை விட்டுக்கொண்டு சிரித்தார், இவளும் சிரித்தாள். போதும். வேறு எதையாவது நினை. மகளுக்கு இந்த வருஷம் படிப்பு முடிகிறது. மதுரை ஹாஸ்டலிலிருந்து எழுதிய கடிதத்தில், அம்மா, உன் கையால் எள்ளுப்பொடி இடித்து அனுப்பு என்று எழுதியிருக்கிறாள். எள் வாங்கியாகிவிட்டது. வறுக்கவில்லை. முடிவு தெரிந்தபிறகு வறுக்கலாம் என்று வைத்திருக்கிறாள். எள்ளுக்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், சம்பந்தம் உண்டு என்றுதான் சொல்வாள். குரோம்பேட்டை. எழுந்து வாசல் பக்கம் போய் நின்றாள்.

ஆஸ்பத்திரி மரங்களுக்கு நடுவில் இருந்தது. வேம்பு, புங்கை, வரிசை வரிசையாகப் பழைய ஓட்டுக் கட்டடங்கள். குணமாக்கும் இடத்துக்கு நிழல் வேண்டும் என்று யாரோ ஒரு நல்ல மனுஷன் அந்தக் காலத்தில் யோசித்திருக்கிறான். வெளிவராந்தா பெஞ்சில் டோக்கனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், மஞ்சள்கயிற்றில் இன்னும் மஞ்சள் போகவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. வடிவாம்பாளுக்கு அந்த அழுகை நெஞ்சில் போய் இடித்தது. ஐயோ, இந்த வயதிலா? இந்தப் பெண்ணுக்கா அந்த இன்னொன்று? கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை. “என்னம்மா சொன்னாங்க?” என்றாள். பெண் மூக்கை உறிஞ்சினாள். “டி.பி.யாம்கா.” வடிவாம்பாளுக்கு ஒரு நொடி என்ன வந்தது தெரியுமா, சொன்னால் வெட்கக்கேடு, பொறாமை வந்தது. ஒரு கொடுத்துவைத்தவளைப் பார்க்கிற மாதிரி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இதற்கா அழுகிறாய், அடி பைத்தியமே, எனக்கு இது கிடைக்காதா என்றல்லவா நான் பத்து நாளாக… “அவங்க வூட்ல தெரிஞ்சா என்னிய வச்சிக்க மாட்டாங்கக்கா. ஏற்கெனவே சீக்குக்காரிய தள்ளிவுட்டுட்டாங்கன்னு மாமியா பேசுது. தட்டு தனியா வச்சிருக்குது” என்றாள் பெண். வந்த பொறாமை வந்த வழியே போய், அந்த இடத்தில் வடிவாம்பாளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடினாள். அத்தனை அகராதிகளைப் புரட்டியவளுக்கு அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க ஒரு சொல் கிடைக்கவில்லை. கைக்குட்டையைக் கொடுத்தாள். அதற்குள் உள்ளேயிருந்து அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா மெஹருன்னிசா கோப்பைப் பார்த்துக்கொண்டே, “உட்காருங்கம்மா” என்றார். உட்கார்ந்தாள். மேஜைமேல் ஒரு காகிதக்கனம், கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பூ. சுவரில் நாட்காட்டி, நேற்றைய தாள் கிழிக்கவில்லை. மின்விசிறி டக் டக் என்று எதிலோ தட்டிக்கொண்டு சுற்றியது. இந்த அறையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று நினைத்தாள், சாகும்வரை என்ற சொல்லை ஏன் நினைத்தோம் என்று அதற்குள் இன்னொரு பயம், டாக்டர் தாளைத் திருப்பினார், ஏன் திருப்புகிறார், பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது, நல்லதென்றால் முன்பக்கத்திலேயே எழுதியிருக்கமாட்டார்களா, அந்தக் கட்டைவிரல் நகத்தில் மருதாணி பாதி தேய்ந்திருக்கிறது, வீட்டில் விசேஷமா, விசேஷம் நடந்த வீட்டிலிருந்து வந்தவர் கெட்டது சொல்வாரா, சொல்வார், அவருக்கு வேலை அதுதானே, வாய் திறக்கிறார், திறந்துவிட்டார். “டி.பி.தாம்மா.” மின்விசிறி சுற்றியது. “அம்மா? கேட்டுச்சா?” “கேட்டுச்சு டாக்டர். டி.பி.ங்களா? நிச்சயமா?” “நிச்சயமா. சதைத் துணுக்குல தெளிவா இருக்கு. வேற எதுவும் இல்லை.” “வேற எதுவும்…” “இல்லைம்மா.” “ரொம்ப சந்தோஷம் டாக்டர்” என்றாள் வடிவாம்பாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் முகத்திலும் சிரிப்பு வந்தது. “இந்த மேஜைல இதைக் கேட்டு அழுதவங்கதான் ஜாஸ்தி. ஆனா உங்களை மாதிரியும் அப்பப்ப ஒருத்தர் வருவாங்க” என்றார். அப்புறம் என்னென்னவோ சொன்னார். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள் தவறக்கூடாது, முதல் மாதம் வயிற்றைப் புரட்டும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் பயப்படாதீர்கள், முட்டை சாப்பிடுவீர்களா, சுண்டல் சாப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். ஆறு வருஷம் சாப்பிடவேண்டும் என்றாலும் ஆட்டியிருப்பாள். கடைசியாக, “வீட்டுல கூட யாரு இருக்காங்க?” என்றார் டாக்டர். “அவர் மட்டும்தான்.” “அவருக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துரணும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க. இன்னிக்கே சொல்லிடுங்க, தள்ளிப்போடாதீங்க.”

வெளியே வந்தபோது வேப்பமரத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வரும்போதும் அடித்திருக்கும், அவள்தான் பார்க்கவில்லை. உடம்பு முழுக்க ஏதோ அவிழ்ந்தது, கல்யாண வீட்டு வேலையெல்லாம் முடிந்து இறுக்கிக் கட்டிய கூந்தலை அவிழ்த்துவிட்ட மாதிரி. வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு மூச்சை இழுத்தாள். பாதியில் இருமல் வந்தது. அந்த இருமல்மேல்கூட அவளுக்குப் பிரியம் வந்தது, அடக் கழுதையே, நீ வெறும் டி.பி. இருமல்தானா, இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா. பூச்சி சின்னதுதான். மாத்திரைக்குச் செத்துப்போகும். யாரும் நிரந்தரமாகக் குடியேறவில்லை, ஆறு மாதத்தில் காலி. எள்ளை வறுக்கவேண்டும். ரவிக்கைகளைப் பிடிக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும், உடம்பு திரும்ப வந்து நிரப்பிக்கொள்ளும். ஆபீஸுக்குப் போனதும் அறவாழியிடம், ஒத்திவைத்த சொல்லை எடுக்கலாம் ஐயா, என்று சொல்லவேண்டும், அவர் அகம் என்பார், இந்தத் தடவை விடுவதில்லை. இப்படி நினைத்துக்கொண்டே பெஞ்சைப் பார்த்தாள். அந்தப் பெண் இன்னும் அங்கேயே இருந்தாள். கைக்குட்டையை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தாள். “உங்களுக்கு இன்னாக்கா சொன்னாங்க?” என்று கேட்டாள், தன் கவலைக்கு நடுவிலும். “எனக்கும் அதேதான். டி.பி.” என்று சொன்ன வடிவாம்பாளின் வாய் காதுவரை போயிருந்தது, அதை மூட அவளால் முடியவில்லை. பெண் மிரண்டுபோய்ப் பார்த்தாள். வடிவாம்பாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “உன் பேரென்னம்மா?” “அஞ்சலை.” “உனக்கு அடுத்தது என்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க?” “பதினஞ்சி நாள் கழிச்சி, செவ்வாக்கெழம.” “எனக்கும் செவ்வாய்க்கிழமைதான். அன்னைக்கு உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா. நான் எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாரேன். ரெண்டு ஆம்பிளைகளையும் இந்த பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்கார வைப்போம். எங்க வீட்டுக்காரர் பேச ஆரம்பிச்சா உன் வீட்டுக்காரர் எதுக்கு வந்தோம்னே மறந்துருவார்.” பெண் சிரிக்கவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. “கண்டிப்பா வருவீங்களாக்கா?” என்று கேட்டாள். வருவேன் என்றாள்.

கேட்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத். கண்ணாடிக் கதவை இழுத்து மூடிக்கொண்டு நம்பரைச் சுழற்றும்போதுதான் திடீரென்று உறைத்தது. எங்கிருந்து தொடங்குவது? தனக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவளுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு ஒன்றுமே தெரியாது. தொண்டை கட்டியிருக்கிறவள், தூசியில் இருமுகிறவள், சர்க்கரைக்குப் பயந்து சோற்றை விட்டவள். அந்த மனுஷரிடம் போய் டி.பி. என்றால் தலையில் இடி விழுந்த மாதிரிதானே இருக்கும்? முதலில் அந்தப் பெரிய பயத்தைச் சொல்லி, பிறகு அது இல்லை என்று சொல்லவேண்டும். மூன்று வாரம் அவள் பட்டதை இரண்டு நிமிஷத்தில் அவரைப் படவைத்து, அப்புறம் எடுத்துவிடவேண்டும். இது என்ன கொடுமை! வைத்துவிடலாம், வீட்டில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தபோது அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரர், “நெல்லையப்பன் சார், வீட்லேர்ந்து” என்று கூப்பிட்டது கேட்டது. நாற்காலி கிரீச்சிட்டது. ரொம்ப வேகமாகக் கிரீச்சிட்டது. “ஏளா வடிவு, சொல்லு” என்றார். ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டால் ‘என்ன விஷயம்’ என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். “நான் தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில இருந்து பேசுதேங்க” என்றாள். எந்த ஆஸ்பத்திரி, எதற்கு என்று கேள்வி வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. “ஒரு பரிசோதனை பண்ணியிருந்தாங்க. உங்ககிட்ட சொல்லலை. இன்னைக்கு முடிவு சொன்னாங்க. டி.பி.ங்க.” அந்தப் பக்கம் மூச்சும் நின்றது. பூத்துக்குள் வியர்த்துக் கொட்டியது. என்னங்க, பயப்படாதீங்க, மாத்திரையிலேயே சரியாயிரும் என்று அவள் சொல்லத் தொடங்குவதற்குள் நெல்லையப்பன் கேட்டார், குரலே இல்லாத ஒரு குரலில், “டி.பி. மட்டுந்தானா?”

மட்டுந்தானா என்று கேட்டார். கேட்டது காதில் விழுந்து, உள்ளே இறங்கி, அங்கே போய் நிற்க ஒரு கணம் பிடித்தது. ஐயோ, இந்த மனுஷர். குறட்டை வராத ராத்திரிகள். கேட்காத கேள்விகள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, இவளுடைய ஒவ்வொரு இருமலையும் அண்ணாச்சியின் இருமலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு, இவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். ஒரே பாயில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பயத்தை ஒளித்துவைத்துக்கொண்டு தூங்குவதுபோல நடித்திருக்கிறார்கள். இவரையா பொத்தான் கண் என்று வைதோம்? “மட்டுந்தாங்க” என்றாள், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “வேற ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் தெளிவா சொல்லிட்டாங்க. வெறும் டி.பி. மட்டுந்தான்.” டெலிபோனை அவர் மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாரா, இல்லை, லைன் இருந்தது. பிறகு, முப்பது மேஜை கொண்ட அந்த ஹாலுக்கே கேட்கிற மாதிரி, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிறவர் குரலில், அவளுடைய கணவர் கத்தினார்.

“வே, கேட்டீயளா! எங்க வீட்டம்மாவுக்கு டி.பி.யாம்வே! டி.பி.!”

ஹாலில் தட்டச்சு இயந்திரங்கள்கூட நின்றன. யாரோ ஒருவர், “சார், என்ன சார் ஆச்சு உங்களுக்கு, உக்காருங்க சார், தண்ணி கொண்டாப்பா” என்று பதறுவதும், தண்ணீர் வேண்டாம் வே, காப்பி சொல்லும், எல்லாருக்கும் சொல்லும் என்று நெல்லையப்பன் விம்மிக்கொண்டே சிரிப்பதும், ரிஸீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்ற வடிவாம்பாளுக்குத் தெளிவாகக் கேட்டது.